ஒரே தேதியில் மகாடும் வெண்மணியும்

டிசம்பர் 25 என்றால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் அரையாண்டு விடுமுறையும். கீழத்தஞ்சைக்காரர்களுக்கு அன்று கீழ்வெண்மணிக்குப் போகிற நாளும்கூட. சென்ற ஆண்டு மாலை நேர வகுப்பில் இந்தத் தேதியைப் பற்றிப் பேசியபோது மகாராஷ்டிரத்து மகாடு என்ற ஊரையும் சேர்த்துச் சொன்னோம். பிளஸ் டூ படிக்கும் ஒரு தங்கை எழுந்து, "வெண்மணி நம்ம ஊரு. மகாடு எங்கேயோ இருக்கு. ரெண்டையும் ஏன் சேர்த்துச் சொல்றீங்க? தேதி ஒண்ணா இருக்கிறதாலயா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அன்று கரண்ட் போய்விட்டதால் அரைகுறையாகப் பதில் சொல்லி முடித்தோம். மீதியை இங்கே சொல்லிவிடலாம்.

மகாடு கொங்கண் பகுதியில் உள்ள சிறு நகரம். அங்கே சவதார் குளம் என்று ஒரு பொதுக் குளம். பொது இடங்களைத் தீண்டப்படாதார் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. அறிவிப்பு ஏட்டில் இருந்தது. தண்ணீரில் கைவைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்து போய் அந்தக் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். மாடு குடிக்கலாம், மனிதன் குடிக்கக் கூடாது என்றிருந்த தண்ணீர் அது. திரும்பி வந்தவர்களுக்கு அடி விழுந்தது. பிறகு ஊரார் குளத்தைப் 'புனிதப்படுத்தினார்கள்'. சாணியும் மாட்டு மூத்திரமும் கரைத்துக் கொட்டினார்கள். ஆகஸ்டில் நகராட்சியும் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதே ஆண்டு டிசம்பர் 25இல் இரண்டாவது மாநாடு. பந்தல் போட மகாடில் இடம் கொடுப்பார் இல்லை; ஒரு முஸ்லிம் அன்பர் தன் நிலத்தைக் கொடுத்தார். பம்பாயிலிருந்து அம்பேத்கரும் தோழர்களும் படகேறி வந்து தாஸ்காவில் இறங்கி மகாடுக்குப் போனார்கள். அன்றிரவு பந்தலின் முன்னே குழி தோண்டி, மனுஸ்மிருதியை நெருப்பிலிட்டார்கள். அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சகஸ்ரபுத்தே என்ற பிராமணர், அம்பேத்கரின் தோழர். வழிமொழிந்தவர் ராஜ்போஜ். சாதியைப் பார்க்காமல் சாதியை எதிர்த்தவர்கள் அந்தப் பந்தலில் இருந்தார்கள் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எதற்காக அந்த நூல்? யார் படிக்கலாம், யார் சொத்து வைத்திருக்கலாம், பெண் யாருக்குக் கட்டுப்பட்டவள் என்பதற்கெல்லாம் விதி வகுத்த நூல் அது. அதனால்தான் மாநாட்டில் பெண்களிடம் அம்பேத்கர் தனியாகப் பேசினார். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், கீழ்ச்சாதி என்று காட்டும் விதத்தில் சேலை கட்டாதீர்கள் என்றார். கட்டும் விதத்தைப் பெண்கள் உடனே மாற்றிக்கொண்டார்கள். டிசம்பர் 25ஐப் பெண் விடுதலை நாளாகவும் மகாராஷ்டிரத்தில் கொண்டாடுகிறார்கள் என்பதை நம் பக்கம் பலர் அறியவில்லை.

சாணிக்கு வருவோம். மகாடில் குளத்தைச் சுத்தமாக்கப் பயன்பட்ட அதே சாணியைத்தான் தஞ்சைப் பண்ணைகளில் கரைத்து, வேலைக்குத் தாமதமாக வந்த ஆளின் வாயில் ஊற்றினார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் என்று நம் தாத்தாக்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். நாங்கள் தொட்டால் சுத்தத்துக்குச் சாணி, நாங்கள் நிமிர்ந்தால் தண்டனைக்குச் சாணி. கேள்வி கேட்ட தங்கைக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பி.சீனிவாசராவ் போன்றவர்கள் 1940களில் வந்து சங்கம் கட்டிய பிறகுதான் அந்தக் கொடுமை ஒழிந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

1960களில் டெல்டாவில் புது விதை, உரம், கூடுதல் விளைச்சல். கூலி மட்டும் உயரவில்லை. அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள் உழைப்பாளிகள். நிலக்காரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்து, வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்து அறுவடை செய்தார்கள். சேரியில் பறந்த செங்கொடியை இறக்கச் சொன்னார்கள். இறக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் அடியாட்கள் புகுந்தார்கள். மோதலில் நிலக்காரர் தரப்பைச் சேர்ந்த பக்கிரிசாமி என்பவரும் கொல்லப்பட்டார். தேடி வருவது ஆண்களைத்தானே என்று ஆண்கள் பலர் வயலுக்குள் ஓட, பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தார்கள். குடிசை கொளுத்தப்பட்டது. 44 பேர்.

இரண்டு ஊர்களும் கோர்ட்டுக்குப் போயின. மகாடில் குளம் தங்கள் சொத்து என்று மேல்சாதியார் வழக்குப் போட்டு, மாநாட்டுக்கு முன்பே தடையும் வாங்கினார்கள். தண்ணீர் எடுக்கத் திரண்டு வந்திருந்த மக்களிடம் இப்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நிலை அம்பேத்கருக்கு. அது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. குளத்தைச் சுற்றி ஊர்வலம் போய்த் திரும்பினார்கள். காலம் காலமாக இருந்த வழக்கம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1937 மார்ச் 17இல் தீர்ப்பளித்தது. ஒரு கை தண்ணீருக்குப் பத்தாண்டு.

வெண்மணியில் நேர்மாறு. நாகை செஷன்ஸ் கோர்ட்டு 1970இல் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பக்கிரிசாமி கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்கள் உழைப்பாளிகள். சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இவ்விரு தீர்ப்புகளையும் தேடிப் படிக்க வேண்டும். எங்களுக்கு வெகு நாள் கழித்துத்தான் அது தோன்றியது.

வெண்மணியோடு எதுவும் நின்றுவிடவில்லை. கணபதியா பிள்ளை கமிஷன் அமைந்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்தப் பகுதிக்கு வந்து தங்கி, 1981இல் லாப்டி இயக்கம் தொடங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். பட்டா பெண்கள் பேரில். மகாடில் சேலைக்கட்டை மாற்றிக்கொண்ட பெண்களை அப்போது நினைத்துக்கொள்வோம்.

அந்தத் தங்கை இந்த ஆண்டு தன் தோழிகள் இருவருடன் வெண்மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் வீட்டில் பேசி அனுமதி வாங்கியாயிற்று. அன்று பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது, காலையிலேயே கிளம்ப வேண்டும். ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் எடுத்து வரச் சொல்லியிருக்கிறோம்.