8 மதிப்பெண், 35 ஆகும்போது

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட், ராஸ்பிகாரி அவென்யூ பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பணிமாற்றத்தில் இந்நகருக்கு வரும் வங்கிப் பணியாளர்களாகிய நாமும் அங்கேயே வீடு தேடுகிறோம், பிள்ளைகளை சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சேர்க்கிறோம். ஊர் மாறினாலும் பாடம் மாறாது என்பதே காரணம். ஆனால், மாறாத அப்பாடத்திலும் ஒரு பகுதி போகப்போகக் கடினமாகிறது. “பதினொன்றாம் வகுப்பில் கணக்கை நன்றாகத்தான் போட்டான்; பன்னிரண்டில் திணறுகிறான்” என்று கல்விக் கடன் விசாரிக்க வரும் பெற்றோர் வருந்துவதைக் கேட்கிறோம். அந்தப் பகுதி நுண்கணிதம்.

பிள்ளையின் சோம்பல் மட்டுமே இதற்குக் காரணமன்று. பதினொன்றாம் வகுப்பில் எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்களில் நுண்கணிதத்திற்கு 8; பன்னிரண்டாம் வகுப்பில் 35. பாடத்தின் அளவோடு அது கோரும் சிந்தனையும் மாறுகிறது.

விதியிலிருந்து தேர்வுக்கு

வகையிடலில் ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு விதி உண்டு. இரு சார்புகளின் பெருக்கற்பலன் எனில் பெருக்கல் விதி. ஒன்றனுள் ஒன்று பொதிந்திருப்பின் சங்கிலி விதி. பிழையின்றிப் பின்பற்றினால் விடை வந்துவிடும். தொகையிடல் அதன் எதிர்வழி. பிரதியிடல், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னங்கள் எனப் பல முறைகளுள் எது பொருந்தும் என்பதை மாணவரே கண்டறிய வேண்டும். பார்வைக்கு எளிய சில சார்புகளின் தொகையீட்டை, பள்ளியில் பயிலும் சார்புகளைக் கொண்டு எழுதவே இயலாது என்பதை 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லியூவில் நிறுவினார்.

சந்தேஷ் பெட்டி

அடுத்த தடை, சொற்களைச் சமன்பாடாக்குவது. 18 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டையின் நான்கு மூலைகளிலும் சம அளவுச் சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடித்துச் சந்தேஷ் வைக்கும் பெட்டி ஒன்று செய்வதாகக் கொள்வோம். பெட்டியின் கொள்ளளவு மிக அதிகமாக இருக்க எவ்வளவு வெட்ட வேண்டும்? 2 செ.மீ. வெட்டினால் 392 கன செ.மீ.; 4 செ.மீ. வெட்டினால் 400, 3 செ.மீ. வெட்டினால் 432. அதுவே பெருமம். இங்கு வகையிடல் இரண்டே வரி. கொள்ளளவுக்கான கோவையை அமைப்பதில்தான் பலர் நின்றுவிடுகின்றனர். அத்தகைய பிள்ளைக்கு மேலும் நூறு கணக்குகளைக் கொடுப்பதைவிட, அட்டையையும் கத்தரிக்கோலையும் கொடுப்பது நன்று.

பழைய நிலுவை

மூன்றாவது காரணம் வங்கியாளருக்குப் பழக்கமானது. நுண்கணிதத் தாளில் நேரும் பிழைகளுள் பல நுண்கணிதப் பிழைகளே அல்ல. காரணிப்படுத்தல், பின்னம், முக்கோணவியல் முற்றொருமைகள் ஆகியவற்றில் முன்பே விட்டுப்போன நிலுவைகள். வகையிடலில் மறைந்திருக்கும் அந்நிலுவை, தொகையிடலில் வட்டியுடன் வெளிப்படுகிறது. ஆகவே, காலேஜ் ஸ்ட்ரீட் கடைகளில் இன்னொரு தடித்த வழிகாட்டி நூலை வாங்குமுன், பிள்ளையின் விடைத்தாளை எடுத்து, எந்த வரியில் பிழை தொடங்குகிறது என்று பாருங்கள். அது இயற்கணித வரி எனில், பத்தாம் வகுப்பு நூலுடன் ஒரு மாதம் செலவிடுவது வீணாகாது.

தொடங்கிய இடத்திற்கே

தொகையிடலையும் அதன் பயன்பாட்டையும் கடந்தால் வருவது வகைக்கெழுச் சமன்பாடு. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய அசுதோஷ் முகர்ஜி ஆய்வு செய்த துறை இது. 1908இல் கல்கத்தா கணிதக் கழகம் உருவாகக் காரணமானவரும் அவரே. வணிகவியல் படித்த நமக்கு இதன் எளிய உதாரணம் கூட்டு வட்டி. ஒரு ரூபாய்க்கு ஆண்டுக்கு 100 விழுக்காடு வட்டி எனக் கொள்வோம். ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்த்தால் 2 ரூபாய். அரையாண்டுக்கு ஒருமுறை எனில் 2.25, மாதந்தோறும் எனில் 2.61, நாள்தோறும் எனில் 2.71. எத்தனை நுண்ணிய காலக்கூறுகளாகப் பிரித்தாலும் 2.72ஐ எட்டாது. 1683இல் ஜேக்கப் பெர்னூலி ஆராய்ந்த கேள்வி இது.

எட்டாமல் நெருங்கும் அந்த மதிப்பே ‘எல்லை’; பதினொன்றாம் வகுப்பு நுண்கணிதத்தின் முதற்பாடம். எட்டு மதிப்பெண்தானே என்று அன்று அதை விரைந்து கடந்த பிள்ளைக்கே பின்னர் 35 மதிப்பெண் மலையாகிறது. சிறுதொகையாயினும் தொடக்கத்திலேயே சேமிக்கத் தொடங்குங்கள் என வாடிக்கையாளர்களிடம் நாம் கூறும் அறிவுரை, நுண்கணிதத்திற்கும் பொருந்தும்.