பேசும் கிளிக்கு ஒரு கூட்டம் வேண்டும்

வீட்டுப் பறவைகள் – 9

மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் உள்ள தாழ்நில மழைக்காடுகளைத் தாயகமாகக் கொண்ட சாம்பல் கிளி, மனிதக் குரலைத் தெளிவாகவும் இடமறிந்தும் எடுத்தாளும் திறத்தால் உலகெங்கும் வளர்ப்புப் பறவையாக விரும்பி வாங்கப்படுகிறது. பறவைக் கடைகளில் 'ஆப்பிரிக்கன் கிரே' என்று வழங்கும் இந்தக் கிளியை வீட்டுக்குக் கொண்டுவர எண்ணுபவர்கள் முதலில் விசாரிப்பவை அதன் விலை, கூண்டு, தீனி, எத்தனை மாதத்தில் பேசும் என்பன போன்றவையே. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பறவையின் குரல் திறன் கூட்டத்தோடு ஒட்டி வாழும் வாழ்க்கையிலிருந்து பிறந்தது. அந்தக் கூட்டத்தை விலக்கிவிட்டுப் பறவையை மட்டும் வாங்கும்போது, கூட்டத்தின் இடத்தை நிரப்பும் பொறுப்பு வாங்குபவரின் தலையில் விழுகிறது. சாம்பல் கிளி வளர்ப்பில் நேரும் துன்பங்களில் பெரும்பகுதி இந்தப் பொறுப்பு உணரப்படாமையால் விளைவதே.

சந்தையில் ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் சாம்பல் கிளிகள் இரண்டு இனங்கள். ஐவரி கோஸ்ட் நாட்டிலிருந்து கிழக்கே கென்யா வரை பரவியுள்ள காங்கோ சாம்பல் கிளி சுமார் 33 செ.மீ. நீளமும் 400 முதல் 500 கிராம் வரை எடையும் உடையது. அலகு கறுப்பு, வால் பளிச்சிடும் சிவப்பு. சியரா லியோன், லைபீரியா முதலிய மேற்குக் கோடி நாடுகளில் வாழும் டிம்னே கிளி அதைவிடச் சிறியது, உடல் நிறம் கருமை கூடியது, வால் பழுப்புச் சிவப்பு, மேலலகு கொம்பின் வெளிர்நிறம். நெடுங்காலம் இவை ஓரினத்தின் இரண்டு வகைகளாகவே கருதப்பட்டன. வளர்ப்பைப் பொறுத்தவரை இரண்டின் தேவைகளும் ஒன்றே.

காட்டில் இக்கிளிகள் மாலையானதும் நூற்றுக்கணக்கில் கூடி உயர்ந்த மரங்களில் இரவைக் கழிக்கின்றன. விடிந்ததும் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து செம்பனைப் பழங்களையும் காட்டுக் கொட்டைகளையும் தேடிப் பல கிலோமீட்டர் பறக்கின்றன. மரப்பொந்தில் 3 முதல் 5 முட்டைகள் வரை இட்டு நான்கு வாரம் அடைகாக்கும் பெண்கிளிக்கு ஆண்கிளி இரை கொண்டுவந்து ஊட்டுகிறது. ஏறத்தாழ 12 வாரம் பொந்திலேயே வளரும் குஞ்சு, வெளியே வந்த பின்னும் பெற்றோரை உடனே பிரிவதில்லை. எந்தப் பழம் தின்னத் தக்கது, எந்த நிழல் பருந்தினுடையது, எந்தக் குரலுக்கு எப்படி மறுமொழி தருவது என்பவற்றையெல்லாம் அது பெரிய கிளிகளைப் பார்த்தே கற்கிறது. ஒலிகளை எடுத்தாள்வதும் மனிதரிடம் வந்தபின் பழகிய வித்தை அன்று. காங்கோ வடிநிலக் காடுகளில் பதிவு செய்யப்பட்டு 1993இல் வெளியான ஆய்வொன்று, காட்டுச் சாம்பல் கிளிகள் பிற பறவைகளின் குரல்களையும் ஒரு வௌவாலின் ஒலியையும் தம் ஒலிகளோடு சேர்த்து எழுப்புவதைக் காட்டியது.

இந்தத் திறனின் ஆழத்தை உலகம் அறியச் செய்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க். 1977இல் சிகாகோவின் கடையொன்றில் வாங்கப்பட்ட, ஏறத்தாழ ஒரு வயதுடைய அலெக்ஸ் என்னும் சாம்பல் கிளியை அவர் 30 ஆண்டுகள் பயிற்றுவித்தார். ஐம்பது பொருள்களின் பெயர், ஏழு நிறங்கள், ஐந்து வடிவங்கள், ஆறு வரையிலான எண்ணிக்கை ஆகியவற்றை அது கற்றது. இரண்டு பொருள்களைக் காட்டி வேறுபாடு என்னவென்று கேட்டால் நிறமா, வடிவமா, பொருளின் தன்மையா என்று பிரித்துச் சொன்னது. இந்த வெற்றியைவிட, வளர்க்க எண்ணுபவர் கவனிக்க வேண்டியது அதற்குக் கையாளப்பட்ட முறையை. 'முன்மாதிரியும் போட்டியாளரும்' என்று அறியப்படும் அம்முறையில், கிளியின் எதிரே இருவர் அமர்கின்றனர். ஒருவர் ஒரு சாவியைக் காட்டி இது என்னவென்று கேட்க, மற்றவர் சரியாகச் சொன்னால் அந்தச் சாவியே அவர் கைக்குக் கிடைக்கிறது, தவறினால் முகம் திருப்பப்படுகிறது. பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்கின்றனர். பார்த்துக்கொண்டிருக்கும் கிளிக்கு அந்த இரண்டாமவர் பின்பற்றத்தக்க மாதிரியாகவும், ஆய்வாளரின் கவனத்துக்குத் தன்னோடு போட்டியிடுபவராகவும் தோன்றுவதால், அது தானும் உரையாடலுக்குள் நுழைய முயல்கிறது. ஒலிப்பதிவை மட்டும் கேட்கச் செய்தபோதும், காணொளியின் முன்னே தனித்து விடப்பட்டபோதும் பெப்பர்பெர்க்கின் கிளிகள் சொற்களைப் பொருளோடு கற்கவில்லை. கைப்பேசியில் ஒரே வாக்கியத்தை ஓடவிட்டுக் கூண்டருகே வைத்துவிட்டு வேலைக்குப் போகும் வழக்கம் ஏன் பயனற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. இவ்வளவு உழைப்புக்குப் பின்னும் எல்லாக் கிளியும் பேசிவிடுவதில்லை. பேச்சுக்காக மட்டும் வாங்கப்பட்டு, பேசாமற்போனதும் புறக்கணிக்கப்படும் பறவையின் நிலை மிகவும் இரங்கத்தக்கது.

அலெக்ஸ் 2007 செப்டம்பரில் 31ஆம் வயதில் இறந்தது. நல்ல பராமரிப்பில் 40 முதல் 60 ஆண்டுகள் வரை வாழக்கூடிய இனத்துக்கு அது குறைந்த ஆயுளே. நாற்பத்தைந்து வயதில் ஒருவர் குஞ்சாக வாங்கும் கிளி அவருக்குப் பின்னும் வாழும் வாய்ப்பு பெரிது. ஆகவே தமக்குப் பின் அது யாரிடம் போகும், அவர் அதற்கு இசைகிறாரா, அவரை அந்தக் கிளி இப்போதே அறிந்திருக்கிறதா என்னும் கேள்விகளுக்கு வாங்குமுன்பே விடை காண வேண்டும். கல்லூரிக்குச் செல்லவிருக்கும் பிள்ளை ஆசைப்பட்டான் என்பதற்காக வாங்கப்படும் கிளி, அவன் விடுதிக்குப் போனதும் தன் கூட்டத்தையே இழந்ததாகிவிடுகிறது.

தனிமை இப்பறவையின் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை வியன்னா ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட முடிவு உணர்த்துகிறது. உயிரணுவின் குரோமோசோம் முனைகளில் உறைபோல் அமைந்து அவற்றைக் காக்கும் பகுதிக்கு டெலோமியர் என்று பெயர். வயது ஏற ஏற அது குறுகிக்கொண்டே வரும், கடும் மன அழுத்தத்திலும் குறுகும். தனியே வளர்க்கப்பட்ட ஒன்பது வயதுச் சாம்பல் கிளிகளின் டெலோமியர், துணையோடு வாழ்ந்த, அவற்றைவிட 23 ஆண்டுகள் மூத்த கிளிகளினுடையதைப் போலக் குறுகியிருந்தது. 2020இல் வெளியான மற்றோர் ஆய்வில், உணவுக்கு மாற்றிக்கொள்ளத்தக்க வில்லைகளை வைத்திருந்த சாம்பல் கிளிகள், தமக்கு அப்போது எந்தப் பயனும் இல்லாதபோதும், வில்லை இல்லாத பக்கத்துக் கிளிக்குத் துளை வழியே அவற்றைத் தாமாகவே எடுத்துக் கொடுத்தன. அதே சோதனைக்கு உட்பட்ட நீலத்தலை மக்காவ் கிளிகள் அவ்வாறு செய்யவில்லை. இப்படிப்பட்ட உயிரை ஓர் அறையின் மூலையில் நாள் முழுதும் தனியே நிறுத்திவைப்பது, வேளைக்குத் தீனியும் நீரும் தவறாமல் வைக்கப்பட்டாலும், கொடுமையே.

அந்தக் கொடுமையின் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இறகு பிடுங்குதல். கிளி வழக்கமாக அலகால் கோதிக்கொள்வது மெல்ல மெல்லக் கடித்தலாகி, பிறகு இறகைத் தண்டோடு இழுத்தெடுப்பதாக மாறுகிறது. மார்பும் தொடைகளும் இறக்கையின் அடிப்புறமும் மொட்டையாகி இளஞ்சிவப்புத் தோல் தெரிய, தலை மட்டும் முழு இறகோடு மாசற்று இருக்கும். ஏனெனில் தலைக்குத் தன் அலகு எட்டாது. தோல் தொற்று, ஒட்டுண்ணி, இறகையும் அலகையும் சிதைக்கும் சர்க்கோ வைரஸ் நோய், துத்தநாக நஞ்சு ஆகியவையும் இறகு இழப்புக்குக் காரணமாகலாம் என்பதால், பறவை மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவர் இவற்றை முதலில் சோதித்து விலக்க வேண்டும். எஞ்சுவது பெரும்பாலும் சலிப்பும் தனிமையும் அச்சமுமே. பல ஆண்டுகள் பிடுங்கப்பட்ட இடத்தில் இறகின் வேர்க்குழி சிதைந்துவிட்டால், பின்னர் எவ்வளவு அன்பு காட்டினாலும் இறகு முளைப்பதில்லை.

ஆகவே நாள்தோறும் சில மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே, மனிதர் நடமாட்டத்துக்கு நடுவே, கிளி இருந்தாக வேண்டும். கூண்டு இரண்டு இறக்கைகளையும் முழுவதும் விரித்துத் திரும்பும் அகலமுள்ளதாக இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய மலிவான கம்பி வலை, கொறித்துக்கொண்டே இருக்கும் கிளியின் குடலுக்குள் சிறுகச் சிறுக நஞ்சு சேர்க்கும். கடித்துத் துண்டாக்க வேப்பங்கிளை, தென்னை மட்டை, மருந்து பூசாத மரக்கட்டை ஆகியவற்றை மாற்றி மாற்றித் தர வேண்டும். தீனியைக் கிண்ணத்தில் கொட்டாமல் காகிதப் பொட்டலங்களிலும் மட்டை இடுக்குகளிலும் ஒளித்து வைத்தால், தேடித் தின்னும் வேலை கிளிக்குக் கிடைக்கிறது. இரவில் 10 முதல் 12 மணி நேர இருட்டும் அமைதியும் தேவைப்படுவதால், நள்ளிரவு வரை தொலைக்காட்சி ஓடும் கூடம் அதற்கு ஏற்ற இடம் அன்று. கண்மணி சட்டெனச் சுருங்கி விரிவதும் பிடரி இறகு சிலிர்ப்பதும் கிளர்ச்சியின் குறிகள். அந்நேரம் விரலை நீட்டினால், கொட்டையை உடைக்கும் அலகு விரலையும் கிழிக்கும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டார் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது.

சாம்பல் கிளியின் உடலிலிருந்து வெண்பொடி ஓயாமல் உதிரும். இறகுகளைக் காக்கும் பொடி இறகுகள் நொறுங்குவதால் உண்டாகும் இந்தத் தூள், கருநிற அலமாரியை இன்று துடைத்தால் நாளையே படலமாகப் படிந்திருக்கும். ஆஸ்துமா உள்ளவர்க்கு இது தொல்லை தரும். நெடுநாள் மூச்சில் கலந்தால் நுரையீரல் ஒவ்வாமை நோயாகவும் முற்றக்கூடும்.

உணவில் நேரும் பெரும்பிழை சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்ப்பது. கிளி அதை விரும்பித் தின்னும் என்பது உண்மை. ஆனால் கொழுப்பு மிகுந்து சுண்ணச்சத்தும் வைட்டமின் ஏ சத்தும் குறைந்த விதை அது. மற்றக் கிளிகளைவிடச் சாம்பல் கிளிகளுக்கு இரத்தத்தில் சுண்ணச்சத்து குறைந்து வலிப்பு வருவது அதிகம் என்பதால், நலமாகத் தோன்றிய பறவை திடீரெனத் தாங்குகட்டையிலிருந்து விழுந்து துடிப்பதற்கு இது காரணமாக இருக்கலாம். சமச்சீர் தீனி உருண்டைகளோடு முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு போன்றவை நாள்தோறும் சேர வேண்டும். சுண்ணச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும், அது உருவாகப் புற ஊதாக் கதிர் வேண்டும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுவதால், கண்ணாடிக்குப் பின்னால் வைத்த கூண்டில் வெயில் விழுந்தும் பயனில்லை. நிழலும் உள்ள திறந்த இடத்தில் இளவெயில் படச் செய்வதே முறை. வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் காப்பியும் நஞ்சு. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும்போது வெளிப்படும் புகை, பக்கத்து அறையிலுள்ள கிளியையும் சில நிமிடங்களில் கொல்லும். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றையும் அதனருகே தவிர்க்க வேண்டும்.

இனி, இந்தப் பறவை சந்தைக்கு வந்த வழி. கூடித் தங்கும் மரக்கிளைகளில் பிசின் தடவியும், பழக்கிய கிளியின் குரலால் ஈர்த்தும் பிடிக்கப்பட்டவை கூடைகளில் அடைக்கப்பட்டு, துறைமுகத்தை அடையுமுன்பே பெருமளவில் மடிந்தன. 1975க்குப் பின் பன்னாட்டு வணிகத்துக்குள் வந்த காட்டுச் சாம்பல் கிளிகள் 13 லட்சத்துக்கும் மேல். வழியில் இறந்தவை இக்கணக்கில் சேரா. கானா நாட்டில் 1992க்குப் பின் இவற்றின் தொகை 90 முதல் 99 விழுக்காடு வரை சரிந்துவிட்டதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு, அதாவது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் கூட்டம், சாம்பல் கிளிகளை முதலாம் பட்டியலுக்கு மாற்றியது. 2017 சனவரி முதல் காட்டில் பிடித்த கிளிகளின் வணிகம் தடைக்கு உட்பட்டது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களையும் உள்ளடக்குகிறது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி இவற்றை வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளம் வழியே பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்குபவருக்கு 30 நாள்களே கெடு. கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவித்தாக வேண்டும். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பதோ முற்றிலும் குற்றம்.

விற்பவரிடம் பார்க்க வேண்டியவற்றுள் முதலாவது காலில் உள்ள மூடிய வளையம். இணைப்பு இல்லாத அந்த வளையத்தைக் குஞ்சின் கால் சிறுத்திருக்கும் சில நாள்களுக்குள் மட்டுமே நுழைக்க முடியும் என்பதால், பொருத்தமான அளவில் இருக்குமானால் அது கூண்டில் பிறந்த பறவை என்பதற்குச் சான்றாகிறது. ஆயினும் ஆவணங்கள் இன்றி வளையத்தை மட்டும் நம்புவது போதாது. வயதைக் கண் காட்டிக்கொடுக்கும்: குஞ்சின் கருவிழி கருஞ்சாம்பல் நிறமாக இருந்து, ஓராண்டுக்குப் பின் வெளிர்மஞ்சளாக மாறுகிறது. ஊசிக்குழாயால் கூழ் ஊட்டும் நிலையிலுள்ள குஞ்சைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் விற்பனையாளர்கள், அப்போதுதான் கிளி நன்றாகப் பழகும் என்று சொல்வதுண்டு. அது சரியன்று. கூழ் சற்றே சூடு கூடினாலும் தீனிப்பை வெந்து துளைபடும், ஆறிப்போனால் செரிக்காமல் புளிக்கும், மூச்சுக்குழலில் இறங்கினால் குஞ்சு அங்கேயே இறக்கும். தானே கொறித்துத் தின்னப் பழகிய குஞ்சையோ, வளர்த்தவர் கைவிட நேர்ந்த பெரிய கிளியையோ ஏற்பதே தகும். ஏற்றபின் கிளிக்காய்ச்சலுக்கும் சர்க்கோ வைரஸுக்கும் உரிய சோதனைகளைச் செய்வித்து, வீட்டில் வேறு பறவைகள் இருந்தால் குறைந்தது ஒரு மாதம் தனி அறையில் வைத்த பிறகே அவற்றோடு சேர்க்க வேண்டும்.

(தொடரும்)