மண்ணுட் புகுந்த களைக்கொல்லி

பயிருக்குற்ற பகைகளுட் களையும் ஒன்று. அதனைக் களைக்கொட்டாற் கொத்தி எறிதல் பண்டை வழக்கு. களைக்கொல்லி தெளித்து மாய்த்தல் இக்கால வழக்கு. களை மாய்ந்தமையை யாவரும் காண்கின்றோம். மாய்த்த மருந்து பின்னர் என்னாயிற்று என்று வினவுவார் சிலரே. அவ்வினாவை அட்ரசின் என்னும் ஒரு மருந்தின் வரலாறுகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அட்ரசின் சுவிட்சர்லாந்து நாட்டிற் கண்டறியப்பெற்று, 1950-களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்காச்சோள வயல்களுக்கு அது மிகுதியாக இடப்பட்டது. ஞாயிற்றின் ஒளிகொண்டு இலை உணவாக்கும் தொழிலை அது தடுத்தலாற் களை பட்டொழியும். மக்காச்சோளமோ அம்மருந்தைத் தன்னுள்ளேயே சிதைத்துத் தீங்கின்றி வளரும்.

மண்ணையடைந்த மருந்துக்கு நேர்வன மூன்று. முதலாவது, பற்றப்படுதல்: மட்கும் களிமண் துகள்களும் அதனைப் பிடித்து நிறுத்துகின்றன. இரண்டாவது, சிதைதல்: நீரும் நுண்ணுயிர்களும் அதன் கட்டினை அவிழ்க்கின்றன. அட்ரசினிலுள்ள நைட்ரசனையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியா ஒன்றை அமெரிக்க அறிஞர் 1995-இல் விளக்கி வெளியிட்டனர். மூன்றாவது, இறங்குதல்: எஞ்சியதனை மழைநீர் கரைத்துக் கீழே கொண்டுபோகின்றது. மண்புழு வளையும், வேர் மட்கிய புழையும், நிலவெடிப்பும் அதற்கு நேர்வழியாகின்றன. எனவே, சிதைவுக்கும் இறக்கத்துக்கும் இடையே ஒரு போட்டி நிகழ்கின்றது எனலாம்.

மேல்மண்ணில் இட்ட அட்ரசினிற் பாதி சிதைய ஏறக்குறைய 2 திங்கள் ஆகும். மண்ணின் இயல்பும் ஈரமும் வெப்பமும் நோக்கி இக்காலம் கூடியும் குறைந்தும் வரும். இக்கணக்கின்படி ஓராண்டிற் பெரும்பாலும் ஒழிந்துவிடுமன்றோ எனின், இரண்டு தடைகள் உள. மட்கும் நுண்ணுயிரும் மிகுந்திருப்பது மேல்மண்ணிலேயாம். அதனைக் கடந்து ஆழம் சென்ற மருந்தைப் பற்றுவனவும் குறைவு, சிதைப்பனவும் குறைவு. ஆதலின் அஃது அங்கே நெடுநாள் நிற்கும். இஃது ஒரு தடை.

மற்றையது இன்னும் நுட்பமானது. சிதைதல் வேறு, அழிதல் வேறு. குளோரின் நீங்கிப் பிறக்கும் ஐதராக்சி அட்ரசின் களையைக் கொல்லாது. மண்ணையும் இறுகப் பற்றிக்கொள்ளும். பக்கக்கிளை ஒன்று மட்டும் அறுந்து பிறக்கும் டெசெத்தில் அட்ரசினோ, தாய்ப்பொருளினும் எளிதாக நீரொடு கீழிறங்கும். தாய்ப்பொருளை மட்டும் அளந்து, ‘மருந்து தீர்ந்தது’ என்று கூறுவோமாயின், நீருட் சென்ற சேயை மறந்தவர் ஆவோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில், குடிநீரில் ஒரு களைக்கொல்லி லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமின் மேற்படலாகாது. ஒரு கிராம் மருந்தை 1 கோடி லிட்டர் நீரிற் கலந்தால் வரும் அளவு இது. அமெரிக்காவில் அட்ரசினுக்கு வகுத்த எல்லை 3 மைக்ரோகிராம். செர்மனி 1991-இல் அட்ரசினைத் தடுத்தது. நிலத்தடிநீரில் மேற்சொன்ன எல்லை மீறப்படலாம் என்று கருதி ஐரோப்பிய ஒன்றியமும் 2004-இல் அதற்கு ஒப்புதல் மறுத்தது. ஆயினும், தடைக்குப்பின் 20 ஆண்டு கழிந்தும் செர்மனியின் நிலத்தடிநீரில் அட்ரசினும் அதன் சிதைபொருளும் காணப்பட்டன. தெளித்தல் நின்றது, நிலத்துள் இறங்கியது நிற்கவில்லை.

ஆதலின் மருந்திடுவோர் நோக்கத்தக்கன சில உள. பெருமழை வருங்காலத்து மருந்து தெளித்தலாகாது. மணற்பாங்கான நிலத்தும், வெடிப்புடைய சுண்ணாம்புப்பாறை நிலத்தும் பெரிதும் எச்சரிக்கை வேண்டும். தெளிகருவியைக் கிணற்றருகே கழுவுதலும் தகாது. ஆற்றுநீர் கலங்கினால் வெள்ளம் வந்து அடித்துப்போகும். நிலத்தடிநீரோ மிக மெல்ல நகர்வது. அதனைக் காக்கும் வாயில், நம் காலடியிலுள்ள ஓரிரண்டடி மண்ணேயாம். அவ்வாயிலைக் கடந்த மருந்தை மீட்டல் அரிது. கடவாமற் காத்தல் நம் கையிலுள்ளது.