யாழ்ப்பாணமும் சென்னையும்: 355 கிலோமீற்றர்

பலாலி விமான நிலையத்திற்கும் சென்னை மீனம்பாக்கத்திற்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர் ஆகும். பலாலியிலிருந்து கொழும்பை அடுத்த கட்டுநாயக்காவுக்குள்ள வான்தூரம் சுமார் 290 கிலோமீற்றர். ஆகவே, யாழ்ப்பாணத்தவருக்குச் சென்னை, கொழும்பைவிட மிகத் தொலைவிலுள்ள நகரன்று. ஆயினும், ஒரு தலைமுறைக்கு மேலாக இக்குறுந்தூரம் நெடுந்தூரமாகவே இருந்தது.

இக்கணக்கு நம்மிற் பலருக்கு வெறும் புவியியற் பாடமன்று. அகதிகளுக்கான பயணப் பத்திரத்துடன், தப்பி வந்த நாட்டுக்குத் திரும்பிச் செல்லப் பொதுவாக அனுமதியில்லை. எனவே, பெற்றோரும் பிள்ளைகளும் சென்னையிலோ திருச்சியிலோ சந்திப்பது வழக்கமாயிற்று. பிள்ளைகள் ஐரோப்பாவிலிருந்து பறந்து வந்துவிடுவர். எழுபது வயதைக் கடந்த தாயார் அங்கு வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்தது.

முன்னாளில் நிலைமை இவ்வாறிருக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியர் அமைத்த பலாலி ஓடுபாதை, பின்னர் பொதுமக்களுக்கும் பயன்பட்டது. 1947 டிசெம்பரில் எயார் சிலோன் தன் முதற் பயணத்தையே இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்கு நடத்திற்று. பின்னர் அவ்வழி அற்றுப்போயிற்று. போர்க்காலத்தில் பலாலி படைத்தளமாயிற்று.

அதன்பின் யாழ்ப்பாணத்தவர் வடக்கே செல்வதற்கு முதலில் தெற்கே செல்ல வேண்டியதாயிற்று. தரைவழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து கொழும்பு. அங்கிருந்து வான்வழியே 650 கிலோமீற்றர் வரையில் சென்னை. 355 கிலோமீற்றர், ஆயிரத்துக்கும் மேலாயிற்று. தொண்ணூறுகளின் முற்பகுதியில் இரவிற் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தோரும், வவுனியாவில் அனுமதிச் சீட்டுக்காக நாட்கணக்கிற் காத்திருந்தோரும் இத்தூரத்தின் உண்மையான அளவை அறிவர்.

2019 ஒக்ரோபர் 17 ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் விமானங்கள் வந்தன. கொரோனா நோய்ப்பரவலால் 2020 மார்ச்சில் நின்ற சேவை, 2022 டிசெம்பர் 12 ஆம் நாள் மீண்டும் தொடங்கியது. 2024 செப்ரெம்பரில் இன்டிகோ நிறுவனமும் சென்னைச் சேவையை ஆரம்பித்தது. 2025 மார்ச்சில் திருச்சிச் சேவையையும் தொடங்கியது. திருச்சிக்கும் பலாலிக்கும் இடைத்தூரம் 185 கிலோமீற்றர் அளவே.

இவ்வழியிற் பறக்கும் ஏ.ரி.ஆர். விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர் வேகமுடையது. அவ்வாறாயின் முக்கால் மணித்தியாலம் போதுமே; அட்டவணையில் ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் காட்டுவதேன் என்று வாசகர் வினவலாம். தரிப்பிடத்திலிருந்து நகர்வதும், மெல்ல மேலேறுவதும், மீண்டும் தாழ்ந்து இறங்குவதும் அந்நேரத்துள் அடங்கும். 2006 ஆம் ஆண்டிலிருந்து இரு நாட்டு மணிக்கூடுகளும் ஒரே நேரத்தைக் காட்டுவதால், நேர வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை.

பெற்றோரை அழைக்க எண்ணுவோர் முதலில் இந்திய விசாவைப் பெற்ற பின்னரே சீட்டுப் பதிவது நன்று. யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத்தூதரகம் உண்டு. விமானம் சிறியதாகையால் பொதிகளின் நிறைக் கட்டுப்பாட்டை முன்னரே விசாரித்துக்கொள்க. சக்கர நாற்காலி தேவையெனின் பதிவின்போதே கூறிவிடுக. சேவை நாட்கள் மாறக்கூடுமாதலால் பயணத்துக்கு முன் மீண்டும் உறுதிப்படுத்துக.

இவ்வழி பலமுறை அடைபட்டுத் திறந்த வழி. திறந்திருக்கும் காலத்தில், முதியோர் உடல் தளர்வதற்கு முன்னரே அதைப் பயன்படுத்திக்கொள்வது நமது பொறுப்பாகும்.