அத்தையும் அதிமதுரமும்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு இருமல்தான். ஒரு பக்கம் மேகமலை, இன்னொரு பக்கம் குமுளி மலை. இரண்டிலிருந்தும் பனி இறங்கி, விடிகாலையில் திராட்சைப் பந்தல்களின் மேல் வெள்ளைத் துணி விரித்தாற்போல் படுத்திருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் வாசல் தெளிக்கிறவளுக்குத்தானே தெரியும், தொண்டை படுகிற பாடு!

இரண்டு வருஷத்துக்கு முன் இப்படி ஒரு பனிக்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த கதையைத்தான் சகோதரிகளுக்குச் சொல்ல வந்தேன். கதாநாயகி என் மாமியார். வயது 68. அந்தக் காலத்தில் விடியுமுன் ஜீப் ஏறி வண்டன்மேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போய் வந்த கட்டை. “எனக்கு என்னத்தா, கல்லு மாதிரி இருக்கேன்” என்பார். பத்து வருஷமாக இரத்தக் கொதிப்பு மாத்திரை மட்டும் உண்டு.

அந்தக் கார்த்திகையில் அத்தைக்குத் தொண்டையில் ஒரு கரகரப்பு. மிளகு ரசம் வைத்தேன், துளசி கொதிக்க வைத்தேன். போகவில்லை. அந்தச் சமயம் பார்த்து நாத்தனார் மகன் செல்போனில் ஒரு வீடியோ அனுப்பினான். அதிமதுரப் பொடியைப் பாலில் கலந்து காலை மாலை குடித்தால் சளி, இருமல், அல்சர் எல்லாம் பறந்துவிடும் என்று யாரோ ஒருவர் அடித்துச் சொன்னார். அத்தை அன்றைக்கே நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கால் கிலோ பொடி வாங்கிவந்து டப்பாவில் போட்டுக்கொண்டார். நாலே நாளில் தொண்டை சரியாகிவிட்டது. எனக்கும் சந்தோஷம். ஆனால் அத்தை நிறுத்தவில்லை. “சீனி போடாமலே பால் இம்புட்டு இனிப்பா இருக்குத்தா. உடம்புக்கும் நல்லது. எதுக்கு நிறுத்தணும்?” என்றார்.

நானும் விட்டுவிட்டேன். வேர்தானே, என்ன செய்துவிடப் போகிறது என்ற எண்ணம். தப்பு அங்கேதான்.

அப்படி என்ன வேர் இது?

எங்கள் ஊரைச் சுற்றி வாசனைச் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. மலை ஏறினால் ஏலம், மிளகு, கிராம்பு. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலமே நடக்கிறது. ஆனால் அதிமதுரம் மட்டும் நம் மண்ணின் சரக்கு இல்லை. ஆப்கானிஸ்தான், ஈரான், மத்திய ஆசியா என்று வறண்ட, வெயில் காய்கிற மணற்பாங்கான சீமையில் விளைவது. பயறு, அவரை ஜாதியைச் சேர்ந்த செடி. இடுப்பளவு வளர்ந்து ஊதா நிறத்தில் பூக்கும். நமக்கு வேண்டியது பூவும் இல்லை, காயும் இல்லை. மூன்று நாலு வருஷம் போனபின் மண்ணுக்குள் ஆழமாக ஓடியிருக்கும் வேரைத் தோண்டி, காயவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கி அனுப்புகிறார்கள்.

பெயரைப் பாருங்கள். அதி மதுரம், அதாவது மிகுந்த இனிப்பு. வடமொழியில் யஷ்டிமது, இனிப்புக் குச்சி. கிரேக்கர்கள் வைத்த பெயருக்கும் ‘இனிப்பு வேர்’ என்றுதான் அர்த்தம். எந்தத் தேசத்துக்காரன் கடித்தாலும் முதலில் தோன்றியது ஒன்றுதான் போலிருக்கிறது! 1922-ல் எகிப்தில் துட்டன்காமன் என்ற இளம் ராஜாவின் கல்லறையைத் திறந்தபோது, அங்கே வைத்திருந்த பொருள்களில் இந்த வேரும் இருந்ததாம்.

இனிப்புக்குக் காரணம் கிளிசரைசின் என்ற சத்து. சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பு. நன்மையும் அதில் உண்டு, வில்லங்கமும் அதில்தான் உண்டு.

மெட்டி இறுகியது

பொங்கல் முடிந்த வாரம். “கால் மெட்டி இறுகுதுத்தா, சோப்புப் போட்டுக் கழட்டி விடு” என்றார் அத்தை. பார்த்தால் இரண்டு பாதமும் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது என்று தைலம் கேட்கிறார். தண்ணீர்க்குடம் தூக்கக் கையில் பலமில்லை. வயசு ஆகிறது என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

தேனிக்கு அழைத்துப் போனோம். பிரஷர் 180-க்கு 100. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறியதில்லை என்று நான் சத்தியம் செய்யாத குறை. டாக்டரம்மா இரத்தம் எடுத்துப் பார்த்தார். பொட்டாசியம் என்ற உப்பு 3.5-க்குக் கீழே போகக்கூடாதாம். அத்தைக்கு 2.6 இருந்தது. இன்னும் இறங்கினால் இருதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும் என்று அன்றே படுக்கையில் சேர்த்தார்கள்.

“பாட்டி, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன். “மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்றார் அத்தை. பொய் சொல்லவில்லை. அவர் மனசில் அது மருந்தே இல்லை! எனக்குத்தான் பொறி தட்டியது. “அத்தை, அந்த அதிமதுரப் பால்?” என்றேன். டாக்டரம்மா கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “எத்தனை நாளா?” என்று கேட்டார். ஏழு வாரம்.

உள்ளே என்ன நடக்கிறது?

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எங்கள் ஊர் பாஷையில் சொல்கிறேன். வயலுக்குத் தண்ணீர் விடும் மடையில் ஒரு ஆள் நிற்பார் இல்லையா? தேவையானபோது திறப்பார், போதுமென்றால் அடைப்பார். நம் சிறுநீரகத்திலும் அப்படி ஒரு காவல் இருக்கிறது. உடம்பில் எப்போதும் சுரக்கிற கார்ட்டிசால் என்ற சுரப்பு அந்த மடையைத் திறந்துவிடாதபடி ஒரு நொதி பார்த்துக்கொள்கிறது. அதிமதுரம் அந்தக் காவல்காரனைத் தூங்க வைத்துவிடுகிறது. உடனே உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கிவிடும். பொட்டாசியம் சிறுநீரில் ஓடிவிடும். அதனால்தான் வீக்கமும், பிரஷரும், கை கால் சோர்வும். போதாததற்கு, அத்தையின் பிரஷர் மாத்திரை சிறுநீரை அதிகம் இறக்கும் வகை. அதிலும் பொட்டாசியம் போகும். இரண்டும் சேர்ந்துகொண்டன.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த சமாசாரம் இல்லை. 1940-களிலேயே ஹாலந்தில் ஒரு டாக்டர் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பார்த்தார். புண் ஆறியது, ஆனால் சிலருக்கு முகமும் காலும் வீங்கின. ஏன் என்ற முடிச்சு 1987-ல்தான் அவிழ்ந்தது. மேல்நாட்டில் இதில் கறுப்பு மிட்டாய் செய்வார்கள். 2020-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 54 வயதுக்காரர் ஒருவர், தினமும் பை பையாக அந்த மிட்டாயைத் தின்று, பொட்டாசியம் இறங்கி, இருதயம் நின்று போனதாக மருத்துவப் பத்திரிகையில் வந்தது. 40 வயது தாண்டியவர்கள் நாளைக்கு 57 கிராம் வீதம் இரண்டு வாரம் தின்றாலே ஆபத்து என்று அந்த நாட்டு அரசாங்கமே எச்சரித்திருக்கிறது.

கணக்குப் போடுவோமா?

நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசரைசினுக்கு மேல் வழக்கமாக உட்கொள்ள வேண்டாம் என்று ஐரோப்பிய நிபுணர் குழு 2003-ல் சொல்லியிருக்கிறது. நல்ல வேர் என்றால் நூற்றுக்கு 4 பங்காவது இந்தச் சத்து இருக்க வேண்டும் என்பது அங்கே மருந்துக்கான அளவுகோல். அப்படியானால் இரண்டரை கிராம் பொடியிலேயே 100 மில்லிகிராம் வந்துவிடுகிறது. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிதான். அத்தையின் கரண்டி எப்போதும் கோபுரம் கட்டியிருக்கும். அதுவும் இரண்டு வேளை. ஏழு வாரம்!

இதற்காக அதிமதுரமே ஆகாது என்று சொல்ல வரவில்லை. நம் சித்த வைத்தியர்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்த மருந்து. ஆனால் ஆளைப் பார்த்து, நாடியைப் பார்த்து, இத்தனை வேளை, இத்தனை நாள் என்று கணக்கு வைத்துக் கொடுத்தார்கள். வீடியோக்காரருக்கு நம் பிரஷர் தெரியுமா?

எப்படி உபயோகிக்கலாம்?

வாங்கும்போது பொடியாக வாங்காதீர்கள். குச்சியாக வாங்குங்கள். மேல்தோல் பழுப்பாகவும், ஒடித்தால் உள்ளே நல்ல மஞ்சளாகவும், நார் நாராகவும் இருக்க வேண்டும். நுனியை மென்றால் இனிப்பு நாக்கிலேயே தங்கும். கறுத்ததும் பூசணம் பிடித்ததும் வேண்டாம்.

தொண்டை கட்டினால் கொப்பளிப்பதுதான் உத்தமம். ஒரு சின்னத் துண்டை நசுக்கி ஒரு தம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் வடிகட்டித் தொண்டை வரை விட்டுக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். லக்னோவில் ஒரு பெரிய மருத்துவமனையில், ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கக் குழாய் போடுமுன் நோயாளிகளை அதிமதுர நீரால் கொப்பளிக்க வைத்தார்கள். பிறகு வருகிற தொண்டை வலியும் இருமலும் குறைந்ததாக 2009-ல் எழுதியிருக்கிறார்கள். வாய்ப்புண்ணுக்கும் இதே தண்ணீரைக் கொப்பளிக்கலாம். துப்பிவிடுவதால் வயிற்றுக்குள் போவது சொற்பம்.

கொதிப்போ வேறு வியாதியோ இல்லாத பெரியவர்கள் இருமலுக்குச் சுக்கு, திப்பிலி, துளசியோடு ஒரு சிறு துண்டு தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்து இரண்டு மூன்று நாள் குடிக்கலாம். அதோடு நிறுத்திவிட வேண்டும். இருமல் அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டுமே தவிர, கஷாயத்தை நீட்டக்கூடாது.

இரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சிறுநீர் இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் உள்ளுக்குத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளும் அப்படியே. மிட்டாயாக இதை விரும்பித் தின்னும் ஃபின்லாந்து நாட்டிலேயே கர்ப்பிணிகளைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். கைக்குழந்தைக்கு உரை மருந்தில் இதையும் உரசுகிற வீடுகள் உண்டு. வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

வேலியோரத்து ‘அதிமதுரம்’

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து வேலிகளில் குன்றிமணிக் கொடி படர்ந்து கிடக்கும். அதன் இலையை மென்றால் இனிக்கும். அதனாலேயே அதை ‘இந்திய அதிமதுரம்’ என்பார்கள். அந்த வேரை அசல் அதிமதுரம் என்று விற்ற காலமும் உண்டு. ஆனால் அந்தச் சிவப்பு மணி கொடிய விஷம். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே, அதே மணிதான். முழுசாக விழுங்கினால் பல சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து உடைத்தாலோ உயிருக்கே ஆபத்து. குழந்தை வாயில் போட்டுவிட்டது தெரிந்தால், ஒன்றும் செய்யவில்லையே என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பூஜை முடிந்ததும் அந்தக் கண்கள் இரண்டையும் எண்ணிப் பத்திரப்படுத்துங்கள். கொடியின் இலை, வேரில் கைவைத்தியம் செய்து பார்க்க வேண்டாம். இனிப்பு ஒன்றானாலும் செடி வேறு.

அத்தை ஆறாம் நாள் வீடு திரும்பினார். அதிமதுரத்தின் வேகம் உடம்பைவிட்டுப் போக இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதன்பின் பழைய மாத்திரையிலேயே பிரஷர் அடங்கிவிட்டது. மெட்டியும் தளர்ந்தது.

டப்பாவில் மிச்சமிருந்த பொடியைக் கொட்டப் போனேன். “இருத்தா, காசு போட்டு வாங்கினது” என்று தடுத்தார். “கொப்பளிக்கத்தான் அத்தை, குடிக்கிறதுக்கு இல்ல” என்றேன். மறுநாள் பார்த்தால் டப்பா சர்க்கரை, ஏலக்காய் வரிசையில் இல்லை. தன் மாத்திரைப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்திருந்தார். “இதுவும் மருந்துதானத்தா. மருந்து மருந்தோட இருக்கட்டும்” என்றார்.

உங்கள் வீட்டிலும் அந்த டப்பா எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, மாத்திரைச் சீட்டோடு கஷாயம், பொடி, லேகியம் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.