கீரைச் சத்து எங்கே போகிறது?

முளைக்கீரைக் கட்டு வீட்டுக்கு வருகிறது. அதை ஆய்ந்து, பொடிப்பொடியாக அரிந்து, பிறகுதான் தண்ணீரில் அலசுகிறார்கள். பானை நிறையத் தண்ணீர் வைத்து வேக விடுகிறார்கள். வெந்ததும் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார்கள். கீரை இலைக்கு வருகிறது. சத்தில் ஒரு பகுதி சாக்கடைக்குப் போகிறது!

அது என்ன சத்து?

நறுக்கிய கத்தரிக்காய் சிறிது நேரத்தில் கறுத்துப் போகிறதல்லவா? காற்றிலுள்ள பிராணவாயு செய்யும் வேலை அது. நம் உடம்புக்குள்ளும் பிராணவாயுவினால் சில கேடுகள் உண்டாகின்றன. அவற்றைத் தடுக்கும் சத்துகள் கீரையில் இருக்கின்றன. டாக்டர்கள் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்று சொல்வது இவற்றைத்தான். வைட்டமின் 'சி' அதில் ஒன்று. 'கரோட்டின்' மற்றொன்று. கரோட்டினை உடம்பு வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக் கொள்கிறது. வைட்டமின் 'ஏ' குறைந்தால் குழந்தைக்கு மாலைக்கண் வரும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடலாம்.

வைட்டமின் 'சி'யை ஆராய்ந்த ஹங்கேரி நாட்டு சென்ட்-ஜியார்ஜியும், கரோட்டினை ஆராய்ந்த ஸ்விட்சர்லாந்தின் பால் காரரும் 1937-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்கள். பரிசு ஒரே ஆண்டில் கிடைத்தாலும், இரண்டு சத்துக்கும் குணம் வேறு.

'சி' தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். அரிந்து வைத்தாலே காற்றுப் பட்டுக் குறையும். கீரை பச்சைப் பசேல் என்று இருக்கச் சிலர் சமையல் சோடா போடுகிறார்களே, அது 'சி'க்கு எமன்!

கரோட்டின் தண்ணீரில் கரையாது. எண்ணெயில்தான் கரையும். அளவோடு வேக வைத்தால் இலை இளகி, உள்ளே இருக்கும் கரோட்டின் வெளிப்படும். கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ சேர்ந்தால் உடம்பில் நன்றாகச் சேரும். "பச்சையாகத் தின்றால்தான் சத்து" என்கிறார்கள். அது பாதி உண்மைதான். எண்ணெயில் கடுகு தாளித்து, முருங்கைக் கீரையை வதக்கி, தேங்காய்ப் பூ தூவும் பாட்டிமார் நோபல் பரிசைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் செய்தது சரி!

ஆகவே, கீரையை முதலில் அலசுங்கள், பிறகு அரியுங்கள். அரிந்த உடனே அடுப்பில் ஏற்றுங்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் சீக்கிரம் வெந்துவிடும். தண்ணீர் மிஞ்சினால் ரசத்தில் சேருங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுச் செய்யவேண்டும்.

முருங்கைக் கீரைப் பொடி இப்போது கடைகளில் விற்கிறது. வீட்டிலும் செய்யலாம். மொட்டை மாடி வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள். வெயில் கரோட்டினை அழித்துவிடும். காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்தி, இடித்து, வெளிச்சம் புகாத டப்பாவில் மூடி வையுங்கள். அப்படிச் செய்தாலும் பொடியில் 'சி' அதிகம் தங்காது. அதற்கு நெல்லிக்காய் இருக்கவே இருக்கிறது!