நெபுலாவின் சூட்டை அளப்பது எப்படி?

மார்கழி இரவில் மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கும் ஓரியன் கூட்டத்தைப் பாருங்கள். நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுத் தெற்கே வெண்புகை மாதிரி ஒன்று மங்கலாகத் தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா. சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்தில் ஒளிரும் வாயு மேகம். அதன் சூடு 10,000 கெல்வினுக்குச் சற்றுக் குறைவு என்கிறார்கள். தெர்மாமீட்டர் வைக்க முடியாத இடத்தில் இதை எப்படி அளந்தார்கள்?

1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் வேறொரு நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, இனம் தெரியாத பச்சைக் கோடு ஒன்றைக் கண்டார். புதிய தனிமம் என்று எண்ணி 'நெபுலியம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 1927-ல் ஐரா போவன்தான், அது இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனின் ஒளி என்று விளக்கினார்.

அந்த ஆக்சிஜன்மீது எலெக்ட்ரான்கள் வந்து மோதுவதால் ஒளி பிறக்கிறது. பச்சைக் கோட்டுக்கு 2.5 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி போதும். அதே ஆக்சிஜன் தரும் நீலக் கோட்டுக்கு 5.3 வேண்டும். சூடு ஏற ஏற நீலம் வேகமாகக் கூடும். இரண்டின் விகிதமே நமக்குத் தெர்மாமீட்டர்.

இங்கேதான் சிக்கல். 10,000 கெல்வினில் சராசரி எலெக்ட்ரானிடம் இருப்பதோ 1.3 எலெக்ட்ரான் வோல்ட். ஆகவே நீலக் கோட்டைத் தருவது வேகம் மிகுந்த சில எலெக்ட்ரான்கள் மட்டுமே. என்னைப் போன்ற கடைக்காரன் பாஷையில் சொன்னால், பட்டுப்புடவை விற்பனையை மட்டும் பார்த்து ஊரின் வருமானத்தைக் கணிப்பது மாதிரி. ஊரில் பணக்காரர் வழக்கத்தைவிட அதிகம் இருந்தால் கணக்கு ஏறிவிடும் அல்லவா?

ஹைட்ரஜன் ஒளியை வைத்துக் கணித்த சூடு, ஆக்சிஜன் காட்டும் சூட்டைவிடக் குறைவாக வருவதை 1967-ல் மானுவேல் பெய்ம்பர்ட் விளக்கினார். மேகத்தில் இடத்துக்கு இடம் சூடு மாறுவதே காரணம் என்றார். 2012-ல் நிக்கோல்ஸ், டோபிடா, சதர்லாந்து மூவரும் வேறு காரணம் சொன்னார்கள்: சூரியக் காற்றில் விண்கலங்கள் கண்டதுபோல, இங்கும் வேக எலெக்ட்ரான்கள் கூடுதலாக இருக்கலாம். இதற்குக் 'கப்பா பரவல்' என்று பெயர். நெபுலாவில் எலெக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மோதிச் சீக்கிரமே சமநிலைக்கு வந்துவிடும் என்று 2016-ல் ஃபெர்லாண்ட் குழுவினர் மறுத்தார்கள். 2023-ல் மெண்டெஸ் டெல்காடோ குழுவின் ஆய்வும் பெய்ம்பர்ட் பக்கமே சாய்ந்தது.

இதில் என்ன லாப நஷ்டம் என்பீர்கள். சூட்டைக் கூட்டிக் கணித்தால் ஆக்சிஜனைக் குறைத்து எழுதிவிடுவோம். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் நட்சத்திரங்களுக்குள் விளைந்தது. பிரபஞ்சத்தில் அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற பேரேட்டை எழுத இந்த விகிதம் ஒரு முக்கிய ஆதாரம்.